ஊசிமேல் போட்ட பழி

இன்னாசியம்மாள் மயங்கி விழுந்ததை ஊரே பார்த்தது. ஊர் என்றால் மரக்காணம் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். கோட்டக்குப்பம் கடைவீதியில் பார்த்தார்கள். பொம்மையார்பாளையத்தில் பார்த்தார்கள். துபாயில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் உபைத் என்பவர் பார்த்துவிட்டு, 'அல்லாஹ் அந்தம்மாவுக்கு நல்ல ஷிஃபா தரட்டும், சீக்கிரம் குணமாகட்டும்' என்று கீழே எழுதியிருந்தார். கடல் தாண்டிப் போகிற அளவுக்கு அந்த வீடியோவில் பெரிதாக ஒன்றும் இல்லை. உப்பளத்து எடைமேடைக்குப் பக்கத்தில் ஒரு ஷாமியானா. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இன்னாசியம்மாள் ஊசி போட்டுக்கொள்கிறாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்திருக்கிறாள். ஷாமியானாவின் கம்பம் வரை நடக்கிறாள். அங்கே கண் செருகி, கால் மடங்கி, அப்படியே மண்ணில் விழுகிறாள். விழுந்த வேகத்தில் புடவை முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. படம் எடுத்தவனும் அக்கா தங்கையோடு பிறந்தவன்தான். ஆனாலும் கேமராவைத் திருப்ப வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

எடுத்தவன் சகாயராஜ். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறான். கடையின் பின்பக்கத்தில் ஒரு பச்சைத் துணியைத் தொங்கவிட்டு 'கரையோரக் குரல்' என்று யூடியூபில் ஊர்ச் செய்தி சொல்கிறான். கொரோனாவுக்குப் பிறகு இனி ஒன்றும் வராது என்று எல்லோரும் நிம்மதியாக இருந்த நேரத்தில் இந்தப் புது ஃப்ளூ காய்ச்சல் வந்து சேர்ந்தது. அதிலிருந்து அவன் சேனலைப் பார்க்காமல் இந்தப் பக்கத்தில் யாரும் சோற்றில் கை வைப்பதில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் அவன் போட்ட தலைப்பு இது: 'ஊசி போட்ட அடுத்த நொடி சுருண்டு விழுந்த உப்பளப் பெண்! நடந்தது என்ன?'

கேள்விக்குப் பதிலும் அந்த வீடியோவிலேயே இருந்தது. முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பி உட்கார வைத்ததும், சகாயராஜ் போனை அவள் வாய்க்கு நேரே நீட்டினான்.

"அக்கா, இன்னா ஆச்சு உங்களுக்கு?"

இன்னாசியம்மாள் சுற்றிலும் பார்த்தாள். பிறகு சொன்னாள். "ஊசிதாம்பா. போட்டதும் கண்ணு இருட்டிக்கிச்சு."

அது பொய்.

உப்பளத்துக்குள் இறங்கிப் பார்க்காதவர்களுக்கு இந்தப் பொய் விளங்காது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி, வெள்ளை வெளேரென்று இருக்கும் பாத்திகளுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். எவ்வளவு அழகு என்கிறார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு மரம், ஒரு புதர், ஒரு குட்டிச்சுவர் கிடையாது. அதுதான் அந்த அழகு. ஆண்களுக்கு வரப்பு ஓரம் போதும். பெண்கள் எங்கே ஒதுங்குவார்கள் என்று அந்த போட்டோக்காரர்களும் கேட்டதில்லை, உப்பளத்தை எடுத்து நடத்துகிறவர்களும் கேட்டதில்லை. பெண்கள் அதற்கு அவர்களே ஒரு வழி வைத்திருந்தார்கள். விடிவதற்கு முன்னால் வீட்டைவிட்டுக் கிளம்பினால், வேலை முடிந்து திரும்பி வரும்வரை வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவதில்லை. யாரும் யாருக்கும் இதைச் சொல்லித் தந்ததில்லை. புதிதாக வருகிறவள் தானாகவே கற்றுக்கொள்வாள். நீர்க்கடுப்பு வந்தால் 'சூடு' என்று சொல்லி வெந்தயத்தை முழுங்கிவிட்டு மறுநாளும் வேலைக்கு வருவார்கள்.

தடுப்பூசி முகாமை வேலை முடிகிற நேரமாகப் பார்த்து வைத்தார்கள். வேலை கெடக்கூடாது அல்லவா. நர்சு சில்வியா பெட்டியைத் திறப்பதற்கு முன்பே எல்லாப் பெண்களையும் பார்த்துக் கேட்டாள். "சாப்ட்டீங்களா? தண்ணி குடிச்சீங்களா? வெறும் வயித்துல யாரும் போட்டுக்காதீங்க." எல்லோரும் ஒரே குரலில் "ஆச்சும்மா" என்றார்கள். இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேட்பாள். பக்கத்தில் மேஸ்திரி பஞ்சநாதன் நிற்கிறார், லாரி டிரைவர்கள் நிற்கிறார்கள். அங்கே வைத்து அதற்குப் பதில் சொல்கிற பெண் அந்த உப்பளத்தில் இன்னும் பிறக்கவில்லை. ஊசிக்குப் பயந்து தயங்கி நின்றவர்களைக் கேலி செய்துகொண்டே முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தவள் இன்னாசியம்மாள். வெயிலில் கூடை சுமந்து, நாக்கு வறண்டு, ஏற்கனவே தலை கிறுகிறுத்துக்கொண்டிருந்தது. அதை அவள் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அவளுக்கு வாய் உண்டு. பஞ்சநாதனை நேருக்கு நேர் நின்று கேள்வி கேட்கிற வாய். ஆனால் கண்ணைத் திறந்தபோது தலைக்கு மேலே வட்டமாக ஆண்களின் முகங்கள். முகத்துக்கு நேரே ஒரு போன். 'ஒண்ணுக்குப் போக இடமில்லாததால் தண்ணீர் குடிக்கவில்லை' என்று அந்த முகங்களைப் பார்த்துச் சொல்ல அந்த வாய்க்கு வரவில்லை. ஊசி திருப்பிப் பேசாது. அதன்மேல் பழியைப் போட்டாள்.

அவளுக்கு அடுத்து ஊசி போட்டுக்கொள்ள நின்றவள் அஞ்சாலை. உப்புக்கூடையைத் தனியாளாகத் தலையில் ஏற்றிக்கொள்ள முடியாது. எதிரே ஒருத்தி நின்று தூக்கிவிட வேண்டும். அதனால் உப்பளத்தில் பெண்கள் இரண்டிரண்டு பேராகத்தான் வேலை செய்வார்கள். இன்னாசிக்கு அஞ்சாலை, அஞ்சாலைக்கு இன்னாசி என்று இருவரும் ஜோடி சேர்ந்தது, இருவருடைய பிள்ளைகளும் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில். அஞ்சாலை அதிகம் பேசமாட்டாள். அன்றும் "எனக்கு வேணாம் நர்சம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, வரிசையிலிருந்து விலகி வந்து இன்னாசியின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற வரிசை அவள் பின்னாலேயே கலைந்து போனது.

அதற்குப் பிறகு இன்னாசியம்மாளுக்குக் கிடைத்த மரியாதையைச் சொல்ல வேண்டும். அக்கம்பக்கத்தில் முட்டை கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒருத்தி ஹார்லிக்ஸ் பாட்டிலே வாங்கி வந்தாள். கணவன் அமிர்தசாமி மீன் பிடிக்கப் போட்டில் போகிறவன், வீட்டில் இருக்கிற நேரம் குறைவு. இருக்கிற நேரத்தையும் டீக்கடையில் வீடியோவைக் காட்டுவதில் செலவழித்தான். "நம்ம வீட்டு ஆளு துபாய் வரைக்கும் போயிருக்குது பாரு" என்றான். புடவை ஏறிக் கிடக்கிற இடம் வரும்போது மட்டும் கட்டைவிரலால் மறைத்துக்கொள்வான். இன்னாசியம்மாள் ஹார்லிக்ஸைக் குடித்தாள். ஒவ்வொரு வாய்க்கும் கூசியது. குடிக்காமல் வைத்தால் ஏன் குடிக்கவில்லை என்று கேட்பார்களே என்று முழுவதையும் குடித்தாள்.

போனில் பாட்டையும் ஜெபமாலையையும் தவிர வேறு எதுவும் கேட்காதவள், இப்போது காலையும் மாலையும் 'கரையோரக் குரல்' பார்த்தாள். தன் வீடியோவைப் பார்ப்பதற்காக இல்லை. அது வந்தால் தள்ளிவிடுவாள். காய்ச்சல் எதுவரை வந்திருக்கிறது என்று பார்ப்பதற்காக. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள் என்றான் சகாயராஜ். மீன் மார்க்கெட்டில் பாதிக் கடை திறக்கவில்லை என்றான். கோட்டக்குப்பத்தில் வளைகுடாவுக்குத் திரும்ப வேண்டிய ஆண்கள் ஊசி போட்ட சான்றிதழ் இல்லாமல் விமானம் ஏற முடியாது என்று வரிசை கட்டி நிற்கிறார்கள் என்றான். அங்கே ஒருவரும் விழவில்லை. விழாததால் வீடியோவும் இல்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியார் அறிவிப்பு வாசித்தார். பங்கு மண்டபத்தில் முகாம், எல்லோரும் வந்து போட்டுக்கொள்ளுங்கள், பயப்பட ஒன்றும் இல்லை என்றார். கோயிலில் இருந்த அத்தனை தலைகளும் இன்னாசியம்மாளைத் திரும்பிப் பார்த்தன. அவள் முக்காட்டை முகம்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். அன்று மதியம்வரை சில்வியா ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டு மண்டபத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். 'வெறிச்சோடிய முகாம்' என்று அதையும் சகாயராஜ் போட்டான். காலாவதியான மருந்து என்றும், ஊசி போடத் தெரியாத நர்சு என்றும் கீழே யார் யாரோ எழுதியிருந்தார்கள்.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் சில்வியா வீட்டுக்கு வந்தாள். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"மேலதிகாரிங்க என்கிட்ட விளக்கம் கேட்டிருக்காங்கக்கா. நான் ஒரு தப்பும் பண்ணல. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அன்னைக்குக் காலையிலேர்ந்து தண்ணி குடிச்சிருந்தீங்களா இல்லையா?"

உள்ளே அமிர்தசாமி வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். அவன் கை நின்றது.

"குடிச்சேன்னு அன்னைக்கே சொன்னேனே நர்சம்மா."

குப்பம் குப்பமாக ஸ்கூட்டரில் சுற்றுகிறவள் சில்வியாவும்தான். காரணம் அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. "சரிக்கா. உடம்பப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள். கோபமாக ஒரு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருந்தால் இன்னாசியம்மாளுக்கு அன்று சோறு இறங்கியிருக்கும்.

பிறகு அஞ்சாலைக்கு இருமல் வந்தது. கூடையைத் தூக்கிவிடும்போது அவள் கை நடுங்குவது இன்னாசிக்குத் தெரிந்தது. "ஏண்டி, வீட்டுல படுத்துக் கெடக்கக் கூடாதா" என்று திட்டினாள். மறுநாள் அஞ்சாலை வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. சாயங்காலம் போய்ப் பார்க்கலாம் என்று இன்னாசி இருந்தாள். அதற்குள் போன் சொல்லிவிட்டது. 'உப்பளப் பெண் தொழிலாளிக்குக் கடும் மூச்சுத்திணறல். பாண்டி மருத்துவமனையில் அனுமதி.' ஆம்புலன்ஸில் ஏற்றுவதைத் தூரத்திலிருந்து எடுத்திருந்தான். முகத்தை மங்கலாக்கியிருந்தான், அந்த அளவுக்குத் தேறியிருந்தான். ஆனால் புடவையை இன்னாசிக்குத் தெரியும். மாதா கெபித் திருவிழாவில் இருவரும் சேர்ந்து எடுத்தது. இவளுடையது நீலம், அவளுடையது அரக்கு.

போனைப் பார்த்த இடம் உப்பளத்து வரப்பு. பக்கத்துப் பாத்திக்காரி கூடையைத் தூக்கிவிடக் காத்துக்கொண்டிருந்தாள். இன்னாசியம்மாள் கூடையை அங்கேயே கவிழ்த்தாள். பஞ்சநாதன் கூப்பிட்டதைக் காதில் வாங்காமல், காலெல்லாம் உப்புச் சேறோடு நேராக ரீசார்ஜ் கடைக்குப் போனாள்.

"போனை எட்றா தம்பி. நான் பேசணும்."

"இன்னாக்கா, மறுபடியும் மயக்கமா?"

"அன்னைக்கு உன்கிட்ட சொன்னது பொய்."

சகாயராஜுக்கு முதலில் ஆர்வமாகத்தான் இருந்தது. பச்சைத் துணிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தான். அவள் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்ததும் அவன் காது சிவந்தது. போன் மெல்லக் கீழே இறங்கியது.

"அக்கா, இத எப்படிக்கா போடுறது. இது லேடீஸ் மேட்டர்."

"என் தொடையப் போட்டியே, அப்பத் தெரியலியா லேடீஸ் மேட்டர்னு?"

அவன் போனை மறுபடி தூக்கிப் பிடித்தான். இன்னாசியம்மாள் துணியைப் பார்த்தோ தரையைப் பார்த்தோ பேசவில்லை. போனைப் பார்த்தே பேசினாள்.

"நான் இன்னாசியம்மா. அன்னைக்கு விழுந்தவ. ஊசியால நான் விழல. உப்பளத்துல பொம்பளைங்க ஒண்ணுக்குப் போக இடம் கெடையாது. அதனால நாங்க யாரும் தண்ணி குடிக்கிறதில்ல. அன்னைக்கும் குடிக்கல. நர்சம்மா கேட்டதுக்குக் குடிச்சேன்னு பொய் சொன்னேன். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. என் ஜோடிக்காரி அஞ்சாலை, நான் விழுந்ததப் பாத்துப் பயந்துபோய் ஊசி போட்டுக்காம ஓடிட்டா. இப்ப மூச்சு விட முடியாம ஆஸ்பத்திரியில கெடக்கிறா. என்னாலதான். நீங்க யாரும் பயப்படாதீங்க. வயித்துக்குச் சாப்பிட்டு, தண்ணி குடிச்சிட்டுப் போய்ப் போட்டுக்குங்க."

அந்த வீடியோ துபாய் வரைக்கும் போகவில்லை. விழுவதைப் பார்க்க வந்த கூட்டம், எழுந்து நின்று உண்மை பேசுவதைப் பார்க்க வருவதில்லை. வந்தவர்களிலும் சிலர் சிரிக்கிற பொம்மைகளைப் போட்டுவிட்டுப் போனார்கள். அமிர்தசாமி டீக்கடைக்குப் போவதை நிறுத்தினான். "ஊர் பூரா கேக்கறாப்புல இதப் போயா சொல்லுவ" என்று ஒருமுறை கேட்டான், அதன் பிறகு அவளோடு பேசவில்லை. பஞ்சநாதன் அவளைக் கண்டால் தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டார். தகரம் வைத்து ஒரு மறைப்புக் கட்டச் சொல்லி முதலாளியிடம் கேட்டிருப்பதாக யாரிடமோ சொன்னாராம். தகரம் இதுவரை வரவில்லை.

ஆனால் உப்பளத்துப் பெண்கள் பார்த்தார்கள். அடுத்த முகாமுக்கு அவர்கள் வந்தார்கள். வேலைக்குப் போகாத நாளாகப் பார்த்து, வீட்டில் கஞ்சி குடித்துவிட்டு, தலை சீவிக்கொண்டு வந்தார்கள். சில்வியா ஒவ்வொருத்திக்கும் ஊசி போட்டுவிட்டு, ஒரு டம்ளர் மோரும் கொடுத்து அரைமணி நேரம் உட்கார வைத்தாள். வாசலில் நின்ற இன்னாசியம்மாளைக் கடந்து போகும்போது அவள் மணிக்கட்டை ஒருமுறை பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வெளியே வந்த மாதிரி இன்னாசிக்கு உடம்பு லேசானது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம், இனி அஞ்சாலை முகத்தில் முழிக்கலாம் என்று நினைத்தாள்.

ஆஸ்பத்திரியில் அஞ்சாலையைப் பொது வார்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று தெரிந்த அன்றே பாண்டி பஸ்ஸில் ஏறினாள். முகக்கவசம் போட்டுக்கொண்டு கட்டில் கட்டிலாகத் தேடினாள். ஒரு தடவை கடந்து போய்விட்டுத் திரும்பி வந்துதான் அடையாளம் கண்டாள். அஞ்சாலை பாதியாகியிருந்தாள். மகள் டீ வாங்கக் கீழே போயிருந்தாள்.

"வாடி" என்றாள் அஞ்சாலை. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே மூச்சு வாங்கியது. "உன் வீடியோ பாத்தேன். பொண்ணு காட்டுச்சு."

இன்னாசியம்மாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பஸ்ஸில் வரும்போது சேர்த்து வைத்திருந்ததைச் சொன்னாள். "என்னை மன்னிச்சிடுடி. என்னைப் பாத்துதானே நீ பயந்துட்ட."

"நான் எங்கடி பயந்தேன்?"

இன்னாசிக்குப் புரியவில்லை.

"உனக்கு எதனால கண்ணு இருட்டுச்சுன்னு எனக்குத் தெரியாதா? நீ குடிக்காதப்ப நான் மட்டும் குடிச்சிருந்தேனா?" அஞ்சாலை நிறுத்தி மூச்சு விட்டாள். "அந்தப் பையன் போனை நீட்டினான். நீ ஊசின்னு சொல்லிட்ட. அடுத்தது நான். நான் போட்டுக்கிட்டு நல்லா எழுந்து நடந்தேன்னு வையி, அங்க நின்ன அத்தனை ஆம்பளைங்களும் உன்னைத்தான் திரும்பிப் பாத்திருப்பாங்க. ஊசின்னா இவளுக்கு ஏன் ஒண்ணும் ஆகல, நீ எதுக்கு விழுந்தேன்னு கேட்டிருப்பாங்க. அதான் வேணாம்னுட்டேன். அப்புறமா தனியாப் போய்ப் போட்டுக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள இது வந்துருச்சு."

அவள் குறை சொல்லவில்லை. கூடையைத் தூக்கிவிட்டது போலத்தான் அதையும் சொன்னாள். இன்னாசியம்மாளுக்கு உட்கார்ந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விட வேண்டும் போல் இருந்தது. இத்தனை பேருக்கு முன்னால் வெட்கத்தை விட்டு உண்மை பேசினோம் என்று பெருமையாக நினைத்திருந்தாள். அந்த உண்மைக்குள்ளேயும் அஞ்சாலையைப் பயந்தாங்கொள்ளி ஆக்கி, ஓடிவிட்டாள் என்று சொல்லி வைத்திருந்தாள். அவள் ஓடவில்லை. இவள் கையைத் தோளில் போட்டுக்கொண்டு மெதுவாகத்தான் நடந்தாள்.

"நான் போய் இதையும் சொல்லிடறேன்டி. நீ பயப்படலன்னு சொல்லிடறேன்."

"வேணாம்." அஞ்சாலை அவள் விரலைப் பிடித்தாள். பிடியில் பலமே இல்லை. "அத வேற சொன்னா உன்னை இன்னும் கேவலமாப் பேசுவாங்க. உன் வீட்டுக்காரு வேற பேசறதில்லன்னு கேள்விப்பட்டேன். பயந்தவளாவே இருக்கட்டும். எனக்கு இன்னா போச்சு. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லு."

இன்னாசியம்மாள் சொன்னாள்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது சகாயராஜ் போன் செய்தான். இப்போதெல்லாம் அவன் போனில் கொஞ்சம் பணிவாகவே பேசினான்.

"அக்கா, அஞ்சாலை அக்கா எப்படி இருக்காங்க? ஒரு நல்ல சேதியாப் போடலாம்னு பாத்தேன்."

"எழுந்து உக்காந்துட்டா."

"சூப்பர்க்கா. 'ஊசிக்குப் பயந்தவர் உயிர் பிழைத்தார்'னு போட்டுடறேன்."

"அவ ஒண்ணும் பயப்படலடா."

"அப்ப எதுக்குக்கா போட்டுக்காம போனாங்க?"

இன்னாசியம்மாளுக்குப் பதில் தெரியும். அதைச் சொல்வதற்கு இப்போது அவளுக்குக் கூச்சமும் இல்லை, ஊர் என்ன பேசும் என்ற கவலையும் இல்லை. ஆனால் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். "தெரியலப்பா" என்று சொல்லி போனை வைத்தாள்.

சாயங்காலம் அந்தத் தலைப்போடுதான் செய்தி வந்தது. கீழே ஒருவர், இந்த மாதிரி பயந்தாங்கொள்ளிகளால்தான் காய்ச்சல் இன்னும் பரவுகிறது, இவர்களுக்கெல்லாம் எதற்கு ஆஸ்பத்திரியில் கட்டில் என்று எழுதியிருந்தார். நிறைய பேர் அதை ஆமோதித்திருந்தார்கள். இன்னாசியம்மாள் அதை இரண்டு தடவை படித்தாள். இத்தனை நாளாகப் பேசாமல் இருந்த அமிர்தசாமி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா போட்டிருக்கான்?" என்று கேட்டான். சொன்னால் அஞ்சாலைக்குக் கொடுத்த வாக்குப் போய்விடும் என்று அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். அவன் பக்கம் நிமிர்ந்து பார்க்க அவளால் முடியவில்லை.